லினக்ஸ் ஹோஸ்டிங்கா, விண்டோஸ் ஹோஸ்டிங்கா? உங்கள் தளத்துக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைத்து இயக்கும் சர்வர் இடம், வாங்கப் போகிற பலரும் பணம் கட்டுகிற கட்டத்தில் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: லினக்ஸ் பிளானா, விண்டோஸ் பிளானா? தான் பயன்படுத்துவது விண்டோஸ் கம்ப்யூட்டர், அதனால் ஹோஸ்டிங்கும் விண்டோஸாகவே இருக்கட்டும் என்று முடிவெடுப்பவர்கள் நிறைய. அப்படி வாங்கி, அதில் வேர்ட்பிரஸைப் போட்டு, ஒவ்வொரு பிளக்இன்னுக்கும் அல்லாடுகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். இது முழுக்கத் தவிர்க்கக்கூடிய அலைச்சல். அதனால்தான் இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

உங்கள் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் தளம் ஓடுகிற சர்வருக்கும் சம்பந்தமே இல்லை. ஹோஸ்டிங்கை நீங்கள் நிர்வகிப்பது பிரவுசர் வழியாக. கோப்புகளை ஏற்றுவது எஃப்டிபி அல்லது எஸ்எஃப்டிபி வழியாக. மேக், விண்டோஸ், லினக்ஸ், ஏன் மொபைலில் இருந்துகூட இரண்டு வகை சர்வரையும் கையாளலாம். தளத்துக்கு வருகிற வாசகருக்கும் பின்னால் எது ஓடுகிறது என்று தெரியாது. டொமைன் பெயரும் மின்னஞ்சலும்கூட இந்தத் தேர்வால் மாறுவதில்லை. கூகுள் தேடலில் முன்னே வருவதற்கும் சர்வரின் இயங்குதளத்துக்கும் தொடர்பில்லை.

தீர்மானிப்பவை இரண்டே இரண்டு: தளத்தின் கோடு (நிரல்) எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது, அது எந்த டேட்டாபேஸை நம்பி இருக்கிறது. மற்ற எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

படி 1: தளம் எதில் கட்டப்பட்டது என்று கண்டுபிடியுங்கள்

புதுத் தளம் என்றால் இது சுலபம். எந்த மென்பொருளைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று நீங்களோ உங்கள் டெவலப்பரோ முடிவு செய்திருப்பீர்கள். வேர்ட்பிரஸ், ஜூம்லா, டிரூபல், மூடுல், லாராவெல் என்று எதைச் சொன்னாலும் அது பிஎச்பி என்ற மொழியில் எழுதியது. நேராகப் படி 2-க்குப் போய்விடலாம்.

ஏற்கெனவே ஓடுகிற தளத்தை வேறு இடத்துக்கு மாற்றுவதாக இருந்தால் கொஞ்சம் துப்பறிய வேண்டும். எழுதிக் கொடுத்த டெவலப்பர் தொடர்பில் இல்லாத நிலை பலருக்கும் உண்டு. அப்போது கோப்புகளைத் திறந்து பாருங்கள்; அவையே சொல்லிவிடும். பெயரின் கடைசியில் .பிஎச்பி என்று முடியும் கோப்புகள் நிறைந்திருந்தால் அது பிஎச்பி தளம். .ஏஎஸ்பி என்று முடிந்தால் பழைய கிளாசிக் ஏஎஸ்பி. .ஏஎஸ்பிஎக்ஸ் என்றால் ஏஎஸ்பி டாட்நெட்டின் வெப்ஃபார்ம்ஸ். .சிஎஸ்எச்டிஎம்எல் கோப்புகளும், 'பின்' என்ற ஃபோல்டருக்குள் .டிஎல்எல் கோப்புகளும் இருந்தால் அது மைக்ரோசாஃப்டின் டாட்நெட் குடும்பம். எந்த வயது டாட்நெட் என்று படி 3-இல் பார்க்கலாம். 'பேக்கேஜ்.ஜேசன்' இருந்தால் நோட்.ஜேஎஸ் ஆக இருக்கலாம், ஆனால் அது மட்டும் போதாது. பிஎச்பி தளங்களிலும் பிரவுசரில் தெரியும் முன்பக்க வேலைக்காக அந்தக் கோப்பு இருப்பது வழக்கம். 'ரெக்வயர்மென்ட்ஸ்.டெக்ஸ்ட்' இருந்தால் பெரும்பாலும் பைத்தான்.

தளத்தின் முதன்மை ஃபோல்டரில் 'வெப்.கான்ஃபிக்' இருந்தால் அது இப்போது ஐஐஎஸ் என்ற வெப் சர்வரில், அதாவது அநேகமாக விண்டோஸில் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதே இடத்தில் '.எச்டிஆக்சஸ்' இருந்தால் அப்பாச்சி அல்லது லைட்ஸ்பீட் என்ற வெப் சர்வர், அதாவது அநேகமாக லினக்ஸ். புள்ளியில் தொடங்கும் கோப்பு என்பதால் ஃபைல் மேனேஜரில் அது மறைந்திருக்கும். மறைக்கப்பட்ட கோப்புகளைக் காட்டு என்ற அமைப்பைப் போட்டால்தான் தெரியும்.

வெறும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் கொண்ட தளம் எதிலும் ஓடும். அங்கே விலையையும் சேவையையும் மட்டும் பார்த்து எடுங்கள்.

படி 2: பிஎச்பி என்றால் லினக்ஸ், யோசிக்க வேண்டியதில்லை

பிஎச்பி விண்டோஸிலும் ஓடும். ஐஐஎஸ்-இல் ஃபாஸ்ட்சிஜிஐ என்ற இணைப்பு முறை வழியாக ஓட்டலாம், வேர்ட்பிரஸும் அதில் வேலை செய்யும். இருந்தும் நான் யாருக்கும் அதைப் பரிந்துரைப்பதில்லை. காரணங்களைச் சொல்கிறேன்.

பிஎச்பி உலகில் எழுதப்படும் ஆவணங்கள், பிளக்இன்கள், உதவிக் குறிப்புகள் எல்லாமே லினக்ஸையும் அப்பாச்சியையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பக்கங்களை வேகமாக்கும் கேஷ் பிளக்இன் ஒன்று '.எச்டிஆக்சஸ்' கோப்பில் நாலு வரி சேர்க்கச் சொல்லும். ஐஐஎஸ் அந்தக் கோப்பைப் படிக்கவே படிக்காது. அதே வேலையை 'வெப்.கான்ஃபிக்'கில் எக்ஸ்எம்எல் ஆக மாற்றி எழுத வேண்டும். பாதுகாப்புப் பிளக்இன்களிலும் இதே கதை. வேர்ட்பிரஸின் அழகான முகவரிகளுக்கு, அதாவது பெர்மாலிங்குக்கு, விண்டோஸ் சர்வரில் யுஆர்எல் ரீரைட் என்ற தனி மாட்யூல் நிறுவப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முகவரியின் நடுவிலும் 'இண்டெக்ஸ்.பிஎச்பி' என்று ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று: பிஎச்பி 8.0 முதல் விண்டோஸ் பதிப்புகளுக்குத் தாங்கள் ஆதரவு தரப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2020-லேயே அறிவித்துவிட்டது. அதன் பிறகும் பிஎச்பி சமூகத்தினர் விண்டோஸ் பதிப்புகளை வெளியிட்டுத்தான் வருகிறார்கள். ஆனாலும் விண்டோஸை உருவாக்கிய நிறுவனமே ஒதுங்கிக்கொண்ட ஒரு வழியில் புதிதாகத் தளம் தொடங்க ஒரு காரணமும் இல்லை. மெஜென்டோ போன்ற பெரிய வணிக மென்பொருள்கள் இன்னும் கறார். அவை லினக்ஸை மட்டுமே அதிகாரபூர்வமாக ஆதரிக்கின்றன.

லினக்ஸ் பிளான் எடுக்கும்போது எந்த வெப் சர்வர் என்பதையும் கேளுங்கள். அப்பாச்சியும் லைட்ஸ்பீடும் '.எச்டிஆக்சஸ்' கோப்பை மதிக்கும். என்ஜின்எக்ஸ் மட்டும் தனியாக இருந்தால் மதிக்காது. அதன் விதிகளை சர்வரின் அமைப்புக் கோப்பில்தான் எழுத வேண்டும், ஷேர்டு ஹோஸ்டிங்கில், அதாவது ஒரே சர்வரைப் பலர் பகிரும் பிளானில், அந்த இடத்துக்கு உங்களுக்கு அனுமதி இருக்காது. பல நிறுவனங்கள் முன்னால் என்ஜின்எக்ஸ், பின்னால் அப்பாச்சி என்று வைத்திருப்பார்கள். அது பிரச்சினையில்லை.

படி 3: டாட்நெட் என்றால் அவசரப்படாதீர்கள்

குழப்பம் அதிகம் நடக்கிற இடம் இதுதான். 'டாட்நெட் தளமா? அப்படியானால் விண்டோஸ்' என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. இன்று அது பாதி உண்மை.

டாட்நெட்டில் இரண்டு தலைமுறைகள் உண்டு. ஒன்று டாட்நெட் ஃப்ரேம்வொர்க். இது விண்டோஸில் மட்டுமே ஓடும். 2019-இல் 4.8, 2022-இல் 4.8.1 என்று வந்ததோடு அதன் வளர்ச்சி முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் விண்டோஸோடு சேர்ந்து வருகின்றன. மற்றொன்று 2016-இல் டாட்நெட் கோர் என்ற பெயரில் பிறந்து, 2020-இல் டாட்நெட் 5 ஆகி, இன்று 8, 10 என்று போய்க்கொண்டிருப்பது. இது லினக்ஸிலும் இயல்பாக ஓடும்.

உங்களுடையது எது என்று பார்க்க, புராஜெக்டின் .சிஎஸ்புராஜ் கோப்பை நோட்பேடில் திறங்கள். 'டார்கெட்ஃப்ரேம்வொர்க்' என்று ஒரு வரி இருக்கும். அங்கே நெட்48, நெட்472, அல்லது வி4.5 என்ற பாணியில் எண் இருந்தால் பழைய தலைமுறை. நெட்6.0, நெட்8.0 என்று புள்ளியோடு இருந்தாலோ, நெட்கோர்ஆப் என்று தொடங்கினாலோ புதிய தலைமுறை. 'நெட்' என்பதை அடுத்து வரும் எண்ணுக்கு நடுவே புள்ளி இருக்கிறதா என்ற ஒற்றை அடையாளம் உங்கள் ஹோஸ்டிங் செலவையே மாற்றக்கூடியது, கவனமாகப் பாருங்கள்.

பழைய தலைமுறை என்றால் பேச்சே இல்லை, விண்டோஸ் ஹோஸ்டிங்தான். வெப்ஃபார்ம்ஸில் எழுதியவையும் கிளாசிக் ஏஎஸ்பியில் எழுதியவையும் அப்படியே. வெப்ஃபார்ம்ஸுக்குப் புதிய டாட்நெட்டில் இடமே இல்லை. லினக்ஸுக்குப் போக வேண்டுமானால் பக்கங்களைத் திரும்ப எழுத வேண்டும். வருடக் கட்டணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க அந்த வேலையைத் தொடங்காதீர்கள். திருத்தி எழுத வேறு வலுவான காரணம் வரும்போது சேர்த்துச் செய்யுங்கள்.

ரெடிமேட் மென்பொருள்களிலும் இந்தத் தலைமுறைப் பிரிவு உண்டு. டாட்நெட்டில் எழுதப்பட்ட தள நிர்வாக மென்பொருளான உம்ப்ராகோவின் 8-ஆம் பதிப்பு வரை பழைய தலைமுறை; 2021-இல் வந்த 9 முதல் புதியது. அதனால் 'உம்ப்ராகோ' என்று மட்டும் சொன்னால் போதாது, பதிப்பு எண்ணும் தெரிய வேண்டும்.

புதிய தலைமுறை என்றால் இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிறது. ஆனால் லினக்ஸுக்குப் போகும் முன் கோடுக்குள் விண்டோஸை நம்பிய பகுதிகள் ஒளிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நான் முதலில் தேடுவது 'சிஸ்டம்.டிராயிங்'. படத்தைச் சிறிதாக்குவது, எழுத்துப் படம் உருவாக்குவது போன்ற வேலைகளுக்கு டாட்நெட் எழுதுகிறவர்கள் வெகுகாலம் அதைத்தான் பயன்படுத்தினார்கள். டாட்நெட் 7 முதல் அது விண்டோஸில் மட்டுமே வேலை செய்யும். டெவலப்பரின் விண்டோஸ் லேப்டாப்பில் எல்லாம் பிரமாதமாக ஓடும், லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் யாராவது படம் அப்லோட் செய்கிற வரை ஒன்றும் தெரியாது, செய்த கணத்தில் விழும். இமேஜ்ஷார்ப் அல்லது ஸ்கியாஷார்ப்புக்கு மாற்றினால் தீரும். அடுத்து, விண்டோஸுக்கே உரிய காம் காம்பொனென்டுகள், ரெஜிஸ்ட்ரியைப் படிக்கும் வரிகள், கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ், 'சி:' என்று தொடங்கும் பாதைகள் ஆகியவற்றைத் தேடுங்கள். பாதைகளில் பின்சாய்வுக் கோட்டைக் கையால் எழுதியிருந்தால் அவற்றை 'பாத்.கம்பைன்' ஆக மாற்றச் சொல்லுங்கள்.

பலரும் ஏமாறுகிற ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'புதிய டாட்நெட் லினக்ஸில் ஓடும்' என்பதைக் கேட்டுவிட்டு, விலை மலிவான லினக்ஸ் ஷேர்டு பிளானை வாங்கி, அதில் டாட்நெட்டை ஏற்ற முயல்கிறார்கள். சாதாரண லினக்ஸ் ஷேர்டு ஹோஸ்டிங் பிஎச்பிக்காக அமைக்கப்பட்டது. டாட்நெட் அங்கே நிறுவப்பட்டிருப்பது அபூர்வம். லினக்ஸில் டாட்நெட்டை ஓட்ட விபிஎஸ், அதாவது உங்களுக்கென்று ஒதுக்கிய மெய்நிகர் சர்வர், வேண்டும்: உள்ளே டாட்நெட்டின் சொந்த வெப் சர்வரான கெஸ்ட்ரல், முன்னால் வருகைகளை வாங்கி உள்ளே அனுப்பும் ரிவர்ஸ் பிராக்சியாக என்ஜின்எக்ஸ், சர்வர் மறுபடி எழும்போது தானாகத் தொடங்க சிஸ்டம்டி. இதையெல்லாம் அமைக்கத் தெரிந்தவர் கையில் இருந்தால் நல்ல ஏற்பாடு. இல்லையென்றால் ஷேர்டு விண்டோஸ் பிளானே உங்களுக்கு நிம்மதி. அங்கேயும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ஏஎஸ்பி டாட்நெட் கோர் ஹோஸ்டிங் பண்டில் நிறுவப்பட்டிருக்கிறதா, எந்தப் பதிப்பு? அது இல்லாமல் ஐஐஎஸ்-இல் புதிய டாட்நெட் தளம் எழாது.

படி 4: டேட்டாபேஸைப் பாருங்கள்

மைஎஸ்கியூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் மூன்றும் லினக்ஸில் சகஜம். விண்டோஸ் பிளான்களிலும் மைஎஸ்கியூஎல் கொடுப்பவர்கள் உண்டு. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து லினக்ஸிலும் ஓடுகிறது, ஆனால் அதற்கே குறைந்தது 2 ஜிபி ராம் வேண்டும். லினக்ஸ் ஷேர்டு பிளான்களில் அதைத் தேடாதீர்கள். எஸ்கியூஎல் சர்வர் தேவை, ஷேர்டு பிளான்தான் வேண்டும் என்றால் விண்டோஸை எடுங்கள்.

விண்டோஸ் பிளானில் கிடைப்பது எந்த எஸ்கியூஎல் சர்வர் என்பதையும் பாருங்கள். இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பாக இருந்தால், 2022 வெளியீடு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி என்பது உச்சவரம்பு. சிறு தளத்துக்கு அது தாராளம். ஆனால் லாக் அட்டவணை ஒன்று கவனிப்பாரின்றி வளர்ந்துகொண்டே போனால் ஒருநாள் எழுத முடியாமல் நின்றுவிடும்.

பழைய தளங்களில் .எம்டிபி என்று முடியும் ஆக்சஸ் கோப்பு டேட்டாபேஸாக இருக்கலாம். அதற்கான மைக்ரோசாஃப்ட் டிரைவர் விண்டோஸில்தான் உண்டு. பழைய ஜெட் டிரைவர் 32 பிட் மட்டும் என்பதால், ஐஐஎஸ்-இல் தளத்தை இயக்கும் அப்ளிகேஷன் பூலில் 32 பிட் அனுமதியைப் போட்டால்தான் திறக்கும். அப்படி ஒரு தளம் உங்களிடம் இருந்தால் இடம் மாற்றும் சமயத்திலேயே டேட்டாபேஸையும் மாற்றிவிடுங்கள். பலர் ஒரே நேரத்தில் எழுதும் வேலைக்கு ஆக்சஸ் தாங்காது.

தமிழில் தளம் நடத்துகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். எஸ்கியூஎல் சர்வரில் தமிழ் எழுத்து தங்க வேண்டுமென்றால் நெடுவரிசையின் வகை 'என்வார்சார்' ஆக இருக்க வேண்டும். வெறும் 'வார்சார்' ஆக இருந்தால், வழக்கமான அமைப்பில், நீங்கள் 'வணக்கம்' என்று சேமிப்பீர்கள், திரும்பி வருவது வரிசையாகக் கேள்விக்குறிகள். நெடுவரிசை சரியாக இருந்தும், வினவலில் தமிழ் உரையை நேரடியாக எழுதும்போது மேற்கோள் குறிக்கு முன்னால் ஆங்கிலப் பெரிய எழுத்து 'என்' போடாவிட்டால் அதே கேள்விக்குறிகள்தான். ஒருமுறை கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டது போனது போனதுதான், மீட்க வழியில்லை. மைஎஸ்கியூஎல் பக்கம் 'யுடிஎஃப்8எம்பி4' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். பழைய 'யுடிஎஃப்8' ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் தாங்கும். தமிழ்க் குறியீடுகள் ஒவ்வொன்றும் 3 பைட்டுக்குள் அடங்கிவிடுவதால் தமிழ் பிழைத்துக்கொள்ளும், ஆனால் வாசகர் கருத்தில் ஓர் இமோஜி போட்டால் அது 4 பைட். அங்கே பிழை வரும் அல்லது உரை அறுந்துபோகும். மைஎஸ்கியூஎல் 8.0 முதல் புதிய அமைப்பே இயல்பானது. பழைய பேக்கப்பிலிருந்து ஏற்றும்போது மட்டும் கவனம் தேவை.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு டேட்டாபேஸை மாற்றுவது வெறும் ஏற்றுமதி, இறக்குமதி அல்ல. மைஎஸ்கியூஎல் ஒர்க்பெஞ்சில் எஸ்கியூஎல் சர்வரிலிருந்து அட்டவணைகளையும் தரவையும் கொண்டுவரும் வசதி இருக்கிறது. எதிர்த்திசைக்கு மைக்ரோசாஃப்டின் எஸ்எஸ்எம்ஏ கருவி உண்டு. ஆனால் 'டாப்' என்று எழுதிய இடத்தில் 'லிமிட்', 'கெட்டேட்' இருந்த இடத்தில் 'நவ்' என்று வினவல்களையும் மாற்ற வேண்டும். எஸ்கியூஎல் சர்வரில் ஸ்டோர்ட் புரொசீஜர்கள், அதாவது டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்த நிரல்கள், நிறைய எழுதியிருந்தால் அவற்றைக் கையால் திரும்ப எழுத வேண்டிவரும். அந்த உழைப்பை மதிப்பிட்ட பிறகே ஹோஸ்டிங்கை மாற்றும் பேச்சை எடுங்கள்.

படி 5: பைத்தான், நோட்.ஜேஎஸ், ரூபி

லினக்ஸ். இவை விண்டோஸிலும் ஓடும் என்றாலும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் இவற்றுக்கான வசதிகளை லினக்ஸில்தான் ஒழுங்காகக் கொடுக்கின்றன. ஷேர்டு பிளான் எடுப்பதாக இருந்தால், எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் புராசஸை அனுமதிப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் அனுமதி இல்லை.

படி 6: அன்றாட நிர்வாகம் எப்படி இருக்கும்

லினக்ஸ் ஷேர்டு பிளானில் பெரும்பாலும் சிபேனல் அல்லது டைரக்ட்அட்மின் என்ற நிர்வாகப் பேனல் கிடைக்கும். சிபேனல் விண்டோஸில் கிடையாது. விண்டோஸ் பக்கம் பிளெஸ்க் பரவலானது. அது லினக்ஸிலும் உண்டு. மின்னஞ்சல் கணக்கு தொடங்குவது, டேட்டாபேஸ் உருவாக்குவது, எஸ்எஸ்எல் பாதுகாப்புச் சான்றிதழ் போடுவது எல்லாமே இவற்றில் பட்டன் வேலைதான். ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் சீக்கிரமே பழகிவிடுவார், அதனால் பேனலை வைத்துச் சர்வரை முடிவு செய்யாதீர்கள்.

எஸ்எஸ்எச், அதாவது சர்வருக்குள் கட்டளை வரி வழியாகப் பாதுகாப்பாக நுழையும் வசதி, இருக்கிறதா என்பது எனக்கு முக்கியம். ஆயிரக்கணக்கான கோப்புகளை எஃப்டிபியில் ஒவ்வொன்றாக ஏற்றுவதற்கும், ஒரே ஜிப்பாக ஏற்றி சர்வரிலேயே விரிப்பதற்கும் உள்ள வேறுபாடு மணிக்கணக்கில். வேர்ட்பிரஸை நிர்வகிக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியும் எஸ்எஸ்எச் வழியாகத்தான் சுகம். லினக்ஸ் பிளான்களில் இது பரவலாகக் கிடைக்கிறது. விண்டோஸ் ஷேர்டு பிளானில் கட்டளை வரி அனுமதி அநேகமாக இருக்காது. அங்கே விஷுவல் ஸ்டூடியோவிலிருந்து வெப் டிப்ளாய் மூலம் நேரடியாக வெளியிடலாம் என்பது ஈடுகட்டும் வசதி. குறித்த நேரத்தில் ஓட வேண்டிய வேலைகளுக்கு லினக்ஸில் கிரான், விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர்.

எஸ்எஸ்எல் சான்றிதழை இரண்டு பக்கமும் லெட்ஸ் என்கிரிப்ட் வழியாக இலவசமாகப் பெறலாம். அது குறுகிய காலமே செல்லுபடியாகும் என்பதால் தானாகப் புதுப்பிக்கிறதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள்.

படி 7: செலவு

விண்டோஸ் சர்வருக்கு லைசென்ஸ் கட்டணம் உண்டு, எஸ்கியூஎல் சர்வரின் கட்டணப் பதிப்புகளுக்குத் தனியாக உண்டு. ஷேர்டு பிளானில் அந்தச் செலவு பல வாடிக்கையாளர்களிடையே பிரிந்துவிடுவதால் வித்தியாசம் சிறியதாகத் தெரியும். விபிஎஸ், டெடிகேட்டட் சர்வர் என்று மேலே போகப் போக, ஒரே அளவு ராமும் பிராசசரும் கொண்ட விண்டோஸ் சர்வர் தெளிவாக அதிக விலைக்கு வரும். போதாததற்கு விண்டோஸ் சர்வர் தன் இயக்கத்துக்கே கூடுதல் ராம் எடுத்துக்கொள்ளும். இன்று ஷேர்டில் தொடங்கினாலும் இரண்டு மூன்று வருடத்தில் விபிஎஸ் போகும் எண்ணம் இருந்தால் அந்த விலையையும் இப்போதே விசாரியுங்கள்.

லினக்ஸ் இலவசம் என்பதால் எல்லாம் இலவசம் என்று நினைக்க வேண்டாம். சிபேனலுக்கு லைசென்ஸ் கட்டணம் உண்டு, 2019 முதல் கணக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அது கூடுகிறது. விபிஎஸ் எடுக்கும்போது பேனல் சேர்ந்த விலையா, சேராத விலையா என்று கேளுங்கள்.

முதல் வருடச் சலுகை விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். புதுப்பிக்கும் விலைதான் நீங்கள் உண்மையில் கட்டப்போவது.

படி 8: பாதுகாப்பும் வேகமும்

லினக்ஸ் பாதுகாப்பானது, விண்டோஸ் ஓட்டையானது என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. தளங்கள் பெரும்பாலும் உடைக்கப்படுவது பழைய பிளக்இன், பலவீனமான பாஸ்வேர்டு, திறந்து கிடக்கும் அப்லோட் பக்கம் ஆகியவற்றால். சர்வர் எதுவாக இருந்தாலும் அந்த வாசல்கள் ஒன்றுதான்.

ஆனால் ஆதரவுக் காலம் முடிந்த இயங்குதளத்தில் உட்காராதீர்கள். சென்ட்ஓஎஸ் 7-இன் ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்தது. அதன் இடத்துக்கு அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் வந்திருக்கின்றன. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 2023 அக்டோபரில் ஆதரவை இழந்தது. 2016-க்கு 2027 ஜனவரி வரைதான். எந்தப் பதிப்பில் தளத்தை வைக்கப்போகிறார்கள் என்ற கேள்விக்கு நிறுவனம் நேரடியாகப் பதில் சொல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை, கேஷ், படங்களின் அளவு, சர்வரில் எத்தனை பேரை நெருக்கி வைத்திருக்கிறார்கள் ஆகியவை இயங்குதளத்தைவிடப் பெரிய காரணிகள். விண்டோஸ் ஷேர்டில் மட்டும் ஒரு விசேஷம் உண்டு. ஐஐஎஸ்-இன் அப்ளிகேஷன் பூல், 20 நிமிடம் யாரும் வராவிட்டால் தூங்கிவிடும். அதுதான் அதன் இயல்பு அமைப்பு. அடுத்து வருகிறவர் பல வினாடி காத்திருக்க வேண்டும். வருகை குறைந்த டாட்நெட் தளம் 'சில நேரம் வேகம், சில நேரம் மெது' என்று தோன்றுவதற்கு இதுதான் வழக்கமான காரணம். ஐடில் டைம்அவுட்டை மாற்றித் தருவார்களா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

படி 9: பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை

தொலைபேசியில் கேட்காதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள். பிஎச்பியின் எந்தப் பதிப்புகள் உண்டு, நானே மாற்றிக்கொள்ளலாமா? விண்டோஸ் என்றால் டாட்நெட்டின் எந்தப் பதிப்புகள், எஸ்கியூஎல் சர்வரின் எந்த வெளியீடு? எஸ்கியூஎல் சர்வர் பேக்கப்பான என் .பேக் கோப்பை நானே ரீஸ்டோர் செய்ய முடியுமா, நீங்கள் செய்து தருவீர்களா? ராம், பிராசசர், கோப்பு எண்ணிக்கை ஆகியவற்றின் வரம்பு என்ன? கடைசிக் கேள்வி மிக அவசியம். 'அன்லிமிடெட்' என்று விளம்பரப்படுத்தும் பிளானிலும் கோப்பு எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும், ஒப்பந்தத்தின் உள்ளே. பேக்கப் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், எடுத்துத் தரக் கட்டணம் உண்டா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதில் எவ்வளவு தெளிவாக, எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதே அவர்களின் சேவைத் தரத்துக்கு முதல் சோதனை.

படி 10: ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வரும் தளங்களில் முதலில் உடைவது படங்கள். விண்டோஸில் கோப்புப் பெயரின் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றே. லினக்ஸில் வேறு வேறு. கோப்பு 'லோகோ' என்ற பெயரில் பெரிய 'எல்' எழுத்தோடு இருக்கிறது, பக்கத்தில் சிறிய 'எல்' எழுத்தோடு அழைத்திருக்கிறீர்கள் என்றால், விண்டோஸில் பல வருடம் பளிச்சென்று தெரிந்த படம் லினக்ஸில் 404, அதாவது 'கிடைக்கவில்லை' என்ற பிழை. கேமராவிலிருந்து வரும் படங்களின் கடைசியில் உள்ள ஜேபிஜி பெரிய எழுத்தில் இருப்பது இன்னொரு வழக்கமான காரணம். மைஎஸ்கியூஎல் அட்டவணைப் பெயர்களுக்கும் இதே விதி. விண்டோஸில் எடுத்த பேக்கப்பில் அட்டவணைப் பெயர்கள் எல்லாம் சிறிய எழுத்தாகி வரும், கோடில் பெரிய எழுத்து கலந்து எழுதியிருந்தால் லினக்ஸில் 'அட்டவணை இல்லை' என்ற பிழை வரும். ஏற்றும் முன் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிடுவது நல்லது.

அடுத்தது கோப்பு அனுமதிகள். லினக்ஸில் ஃபோல்டர்களுக்கு 755, கோப்புகளுக்கு 644 போதும். ஏதாவது எழுத முடியவில்லை என்றதும் 777 போடச் சொல்லும் அறிவுரையைப் பின்பற்றாதீர்கள். அந்த சர்வரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று நீங்களே அனுமதி கொடுப்பதாகும். விண்டோஸில் இதே வேலையை அப்ளிகேஷன் பூலின் அடையாளத்துக்கு எழுதும் உரிமை கொடுத்துச் செய்ய வேண்டும், அதுவும் அப்லோட் ஃபோல்டருக்கு மட்டும்.

ரீரைட் விதிகளை மறந்துவிடாதீர்கள். '.எச்டிஆக்சஸ்' விதிகளை ஐஐஎஸ்-இன் யுஆர்எல் ரீரைட் மாட்யூல் இறக்குமதி செய்துகொள்ளும், எளிய விதிகள் நன்றாகவே மாறும். எதிர்த்திசையில் கையால் எழுத வேண்டும். பழைய முகவரிகள் .ஏஎஸ்பிஎக்ஸ் என்று முடிந்து, புதியவை அப்படி இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 301 என்ற நிரந்தரத் திருப்பம் கொடுங்கள். வருடக்கணக்கில் சேர்த்த தேடல் வருகை அதில்தான் காப்பாற்றப்படும்.

மாற்றும் நாளுக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே டிஎன்எஸ்-இல் டிடிஎல் மதிப்பை, அதாவது பழைய முகவரியை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 வினாடியாகக் குறைத்து வையுங்கள். புதிய சர்வரில் தளத்தை முழுமையாக அமைத்து, உங்கள் கம்ப்யூட்டரின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புதிய ஐபியைப் போட்டு, உலகத்துக்குத் தெரியாமல் நீங்கள் மட்டும் பார்த்துச் சோதியுங்கள். தொடர்புப் படிவத்திலிருந்து மின்னஞ்சல் வருகிறதா, கோப்பு அப்லோட் ஆகிறதா, தமிழ்த் தேடல் வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாக. எல்லாம் சரி என்ற பிறகு டிஎன்எஸ்-ஐ மாற்றுங்கள். மின்னஞ்சல் பழைய இடத்திலேயே இருந்தால், மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைத் தொடாதீர்கள். பழைய ஹோஸ்டிங் கணக்கை இன்னும் ஒரு மாதத்துக்காவது வைத்திருங்கள்; ரத்து செய்வதற்கு முன் அங்கிருந்து ஒரு முழு பேக்கப்பை இறக்கி, அது திறக்கிறதா என்று உங்கள் கம்ப்யூட்டரில் விரித்துப் பார்த்துவிடுங்கள்.